வாக்கோடு விளக்கத்தையும் படியுங்கள்
வெளியுறவுக் கொள்கை படிக்கும் மாணவர்கள் மேடைப் பேச்சுகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஐ.நா.வில் வாக்களிக்கும்போது ஒரு நாடு தரும் வாக்கு விளக்கத்தை, அதாவது ஏன் அப்படி வாக்களித்தது என்று சொல்லும் அறிக்கையைத் தேடிப் பிடியுங்கள்.

இலங்கைப் போர்க்கால மனித உரிமை மீறல்கள் குறித்து ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் வந்த தீர்மானங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012, 2013 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியா ஆதரித்தது. 2014இல் வாக்களிக்காமல் விலகி நின்றது. சர்வதேச விசாரணை என்பது இறையாண்மையில் அத்துமீறும் தலையீடு என்றது அந்த ஆண்டின் விளக்கம். 2021இலும் விலகல்தான், ஆனால் இம்முறை விளக்கத்தில் தமிழர்களுக்குச் சமத்துவம், நீதி, கண்ணியம் ஒருபுறம், இலங்கையின் ஒற்றுமையும் நிலப்பரப்பு ஒருமைப்பாடும் மறுபுறம். எத்தனையோ குடும்பங்களின் காத்திருப்பு இந்த வரிகளுக்கு நடுவில் கிடக்கிறது, அவசரமாகப் புரட்டிவிடாதீர்கள்.

விளக்கங்களை ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதி, புதிதாக நுழைந்த சொற்களையும் காணாமல்போன சொற்களையும் சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள்.