ஐரோப்பாவில் ஐந்து நாள் மலைநடை: இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

குறுகிய விடுமுறையில் மலைநடைக்குக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் ஓர் அழகான படத்தைப் பார்த்து மலையை முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே தேதியைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதே புதியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது. முதலில் மாதம், அடுத்து பயண நேரம், அதற்குப் பின்னர்தான் மலை.

படி 1: மாதத்தைக் கொண்டு இடங்களைக் கழியுங்கள்

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 2,000 மீட்டருக்கு மேலுள்ள கணவாய்களில் ஜூன் இறுதிவரைகூடப் பனி கிடக்கலாம். நடப்பவர்கள் இரவு தங்கும் மலைக்குடில்களில் பெரும்பாலானவை ஜூன் பிற்பகுதியில் திறந்து செப்டம்பர் இறுதியில் மூடிவிடும். ஆகவே ஜூலை முதல் செப்டம்பர் வரை விடுமுறை கிடைப்பவர்கள் மட்டும் ஆல்ப்ஸை முதல் தேர்வாக வைத்துக்கொள்ளலாம். ஏப்ரலிலோ அக்டோபர் கடைசியிலோ செல்பவர்களுக்கு ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள செர்ரா டெ ட்ரமுந்தானா மலைத்தொடர் மிகவும் பொருத்தமானது. அங்கே கோடையில் வெயில் கடுமையாக இருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சோயெர், தேயா ஊர்களுக்கு இடையே ஒலிவ மரத் தோப்புகளின் வழியாக இதமாக நடக்கலாம்.

படி 2: விமான நிலையத்திலிருந்து ஊருக்கு எவ்வளவு நேரம்?

ஐந்து நாள்களில் போகவும் வரவும் இரண்டு நாள்கள் கரைந்துவிட்டால் நடப்பதற்கு மூன்றுதான் மிஞ்சும். எனவே ரயிலிலோ பேருந்திலோ நான்கு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய ஊர்களை மட்டும் பட்டியலில் வையுங்கள். சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு சூரிக் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளிலுள்ள ஓர்டிசேய் ஊருக்கு ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து போல்சானோ வழியாகச் செல்லலாம். செலவைக் குறைக்க விரும்புபவர்களுக்குப் போலந்தின் மலையடிவார ஊரான சக்கோபானே நல்லது. கிராக்கோ நகரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்.

படி 3: ஒரே ஊரில் தங்குங்கள்

நாள்தோறும் மூட்டை முடிச்சோடு இடம் மாறும் நெடும்பயணம், முதல் முறை செல்பவருக்கு வேண்டாம். கேபிள் காரும் பேருந்தும் இருக்கும் ஊரில் தங்கினால், ஏற்றத்தை வண்டியில் கடந்து உயரத்தில் நடக்கலாம். களைத்துப்போனால் இறங்கியும் வந்துவிடலாம். லவுட்டர்புருன்னன் பகுதியில் மென்லிகன் மலையிலிருந்து கிளைன ஷைடெக் கணவாய் வரை செல்லும் தடம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கார்கள் நுழைய முடியாத வெங்கன் ஊரிலிருந்து கேபிள் காரில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள மென்லிகனுக்கு ஏறிவிட்டால், ஐகர் சிகரத்தை எதிரே பார்த்தபடி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் மெல்ல இறங்கி நடக்கலாம்.

படி 4: தடத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்

புதியவர்கள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். ஆல்ப்ஸ் பகுதியில் வழங்கும் கணக்கு இது: சமதளத்தில் ஒரு மணி நேரத்துக்கு 4 கி.மீ., ஏற்றத்தில் 300 மீட்டர் உயரம், இறக்கத்தில் 500 மீட்டர் உயரம். தூரத்துக்கான நேரத்தையும் உயரத்துக்கான நேரத்தையும் தனித்தனியே கண்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். 9 கி.மீ. தடத்தில் 600 மீட்டர் ஏறி அதே அளவு இறங்க வேண்டும் என்றால், தூரத்துக்கு 2.25 மணி, உயரத்துக்கு 3.2 மணி, மொத்தம் ஏறத்தாழ நான்கு மணி இருபது நிமிடம். ஓய்வும் உணவும் இதில் சேராது. முதல் நாளில் இதைவிட நீண்ட தடத்தைத் தொடாதீர்கள்.

கடினத்தையும் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் குறி எளிய தடம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் உறுதியான காலடியும் உயரத்தைக் கண்டு தலைசுற்றாத மனமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை அனுபவசாலிகளுக்கு மட்டுமே உரியது. இத்தாலியில் சிவப்பு-வெள்ளைக் குறி வழியைக் காட்டுமே தவிரக் கடினத்தைச் சொல்லாது; அங்கே தடத்தின் விவரக் குறிப்பைப் படித்தே தீர வேண்டும்.

படி 5: மழை நாளுக்கு ஒரு மாற்று

கோடையில் ஆல்ப்ஸ் மலைகளில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம் என்பதால், காலையிலேயே கிளம்பி நண்பகலுக்குள் உயரமான பகுதியைக் கடந்துவிடுங்கள். நாள் முழுவதும் மழை என்றால் என்ன செய்வது என்பதையும் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசியுங்கள். லவுட்டர்புருன்னனில் மலையின் உள்ளே பாயும் ட்ரூமல்பாக் அருவிகள் இருக்கின்றன. மழை பெய்தாலும் அவற்றைக் காணலாம்.

படி 6: காப்பீடும் முன்பதிவும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் தேவை. அந்தக் காப்பீட்டில் மலை மீட்புக்கு இடமுண்டா, எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறையை உறுதி செய்வதற்கு முன், நீங்கள் செல்லும் தேதிகளில் கேபிள் கார் ஓடுகிறதா என்பதை அதன் இணையதளத்தில் பாருங்கள்; பராமரிப்புக்காக வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பல ஊர்களில் அதை நிறுத்திவிடுவார்கள். அவசர உதவிக்கான 112 என்ற எண்ணையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.