சீட்டுக்கட்டில் எத்தனை கை? மூன்று சீட்டில் தொடங்கி எண்ணிப் பழகலாம்

தீன் பத்தி என்ற மூன்று சீட்டு ஆட்டம் ஆடியவர்களுக்குத் தெரியும்: சீக்வென்ஸ் (5, 6, 7 போல அடுத்தடுத்த சீட்டுகள்) கலரை (எல்லாமே இஸ்பேட் என்பது போல ஒரே வகைச் சீட்டுகள்) வெல்லும். போக்கர் ஆடியவர்களைக் கேட்டால் தலைகீழாகச் சொல்வார்கள். கலரை அங்கே ஃப்ளஷ் என்பார்கள், சீக்வென்ஸை ஸ்ட்ரெயிட் என்பார்கள். அங்கே ஃப்ளஷ்தான் ஸ்ட்ரெயிட்டை வெல்லும். இரண்டுக்கும் கட்டு அதே 52 சீட்டுதான். ஒருவருக்கு விழும் சீட்டுகளின் தொகுப்பைத்தான் 'கை' என்கிறோம்; தீன் பத்தியில் ஒரு கைக்கு மூன்று சீட்டு, போக்கரில் ஐந்து. அப்படியிருக்க வரிசை ஏன் மாறுகிறது?

விடையை நாமே எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம். பெருக்கல், வகுத்தல், கழித்தல் தெரிந்தால் போதும். பிளஸ் ஒன்னில் 'சேர்வுகள்' பாடத்தைப் பார்த்துப் பயந்து புத்தகத்தை மூடியவர்களை மனதில் வைத்துத்தான் இதை மெதுவாக எழுதுகிறேன். ஒரு சீட்டுக்கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஜோக்கர்களை எடுத்துவிடுங்கள். காசு வைத்து ஆடப்போவதில்லை. தாளும் பேனாவும் போதும்.

படி 1: கட்டைத் தரையில் பரப்புங்கள்

நான்கு வரிசையாக அடுக்குங்கள்: இஸ்பேட், ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர். ஒவ்வொரு வரிசையிலும் ஏஸ், 2, 3 என்று தொடங்கி ஜாக்கி, ராணி, ராஜா வரை 13 சீட்டு. வரிசையை 'வகை' என்றும், ஏஸ், 7, ராணி போன்றவற்றை 'மதிப்பு' என்றும் சொல்லப் போகிறேன். 4 வகை, 13 மதிப்பு. இனி வரும் கணக்கெல்லாம் இந்த இரண்டு எண்களிலிருந்துதான் வருகிறது. அதனால் சீட்டுகளைக் கலைக்காமல் அப்படியே விட்டுவையுங்கள்.

படி 2: முதலில் வரிசையோடு எண்ணி, பிறகு வரிசையை நீக்குங்கள்

சீட்டை விட்டுவிட்டு ஒரு நிமிடம் சாப்பாட்டுக்குப் போவோம். இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, கசப்பு, துவர்ப்பு என்று சுவை ஆறு. இரண்டு சுவை சேர்ந்த உணவு எத்தனை விதம் இருக்க முடியும்? முதல் சுவைக்கு 6 வாய்ப்பு, இரண்டாவதற்கு மிச்சம் 5. பெருக்கினால் 30. ஆனால் 'புளிப்பு, கார்ப்பு' என்றாலும் 'கார்ப்பு, புளிப்பு' என்றாலும் குழம்பு ஒன்றுதான். ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. ஆகவே 30-ஐ 2-ஆல் வகுக்க வேண்டும்: 15.

இது நான் கட்டிய உதாரணம் இல்லை. ஆறு சுவைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை சேர்த்தால் 6 + 15 + 20 + 15 + 6 + 1 = 63 விதம் வரும் என்று சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. பொதுவான சூத்திரத்தை 9-ஆம் நூற்றாண்டில் மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் 'கணிதசாரசங்கிரகம்' நூலில் எழுதிவைத்தார்.

சரி, இப்போது சீட்டுக்கு வருவோம். மூன்று சீட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் 52 × 51 × 50 = 1,32,600 விதம். கையில் எடுத்துப் பார்க்கும்போது எந்தச் சீட்டு முதலில் விழுந்தது என்பது முக்கியமில்லை. மூன்று சீட்டை 3 × 2 × 1 = 6 விதமாக வரிசைப்படுத்தலாம். அதாவது ஒவ்வொரு கையும் ஆறு முறை எண்ணப்பட்டிருக்கிறது. 1,32,600 ÷ 6 = 22,100.

தீன் பத்தியில் வரக்கூடிய மொத்தக் கைகள் 22,100 மட்டுமே. இந்த எண்ணை சே(52, 3) என்று எழுதிக்கொள்வோம். 52-இலிருந்து 3-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் என்று பொருள். மேலே 52-இலிருந்து இறங்கி மூன்று எண்களின் பெருக்கம், கீழே 3-இலிருந்து இறங்கி மூன்று எண்களின் பெருக்கம். எந்த எண்ணுக்கும் இதே முறைதான்.

படி 3: கையைக் கட்டுவது போல் கேள்வி கேளுங்கள்

ஒரு கையைக் கட்ட என்னென்ன முடிவெடுக்க வேண்டும் என்று யோசித்து, ஒவ்வொரு முடிவுக்கும் எத்தனை வழி என்று எழுதி, எல்லாவற்றையும் பெருக்குங்கள். தரையில் பரப்பிய சீட்டுகள் இங்கேதான் உதவும்.

ட்ரெயில் (மூன்றும் ஒரே மதிப்பு): எந்த மதிப்பு? 13 வழி. அந்த மதிப்பின் நான்கு சீட்டில் எந்த மூன்று? சே(4, 3) = 4. மொத்தம் 52.

சீக்வென்ஸ்: ஏஸ்-2-3 தொடங்கி ராணி-ராஜா-ஏஸ் வரை அடுத்தடுத்த மூன்று மதிப்புகள் 12. ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு வகை, ஆகவே 4 × 4 × 4 = 64. 12 × 64 = 768. இதற்குள் மூன்றும் ஒரே வகையாக இருக்கும் ப்யூர் சீக்வென்ஸும் கலந்திருக்கிறது. அது 12 × 4 = 48. அதைக் கழித்தால் வெறும் சீக்வென்ஸ் 720.

கலர்: எந்த வகை? 4. அந்த வகையின் 13 சீட்டில் எந்த மூன்று? சே(13, 3) = 286. பெருக்கினால் 1,144. இதிலிருந்தும் அந்த 48-ஐக் கழிக்க வேண்டும்: 1,096.

ஜோடி: ஜோடியின் மதிப்பு 13 வழி, அதன் நான்கு சீட்டில் இரண்டு சே(4, 2) = 6, மூன்றாவது சீட்டுக்கு வேறு மதிப்பு 12 வழி, அதன் வகை 4. 13 × 6 × 12 × 4 = 3,744.

ஒன்றும் சேராத கை: மூன்று வெவ்வேறு மதிப்பு 286 விதம், அதில் அடுத்தடுத்து வரும் 12-ஐ நீக்கினால் 274. வகைகள் 64 விதம், எல்லாம் ஒரே வகையாகும் 4-ஐ நீக்கினால் 60. 274 × 60 = 16,440.

படி 4: கூட்டிச் சரிபாருங்கள்

52 + 48 + 720 + 1,096 + 3,744 + 16,440. கூட்டிப் பாருங்கள், சரியாக 22,100 வரும். ஒரு கை விட்டுப்போகவில்லை, ஒரு கை இரண்டு முறை வரவும் இல்லை. இந்தக் கூட்டலைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். எண்ணும் கணக்கில் தவறு நடந்தாலும் விடை நியாயமான எண் போலவே தோன்றும். அதைக் காட்டிக்கொடுப்பது இந்தக் கூட்டல்தான்.

இந்த எண்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. தீன் பத்தி விதிப்படி ட்ரெயில்தான் எல்லாவற்றுக்கும் மேல். ஆனால் ட்ரெயில் 52, ப்யூர் சீக்வென்ஸ் 48. அரிய கைக்கு மேலிடம் என்றால் ப்யூர் சீக்வென்ஸ்தான் முதலில் இருக்க வேண்டும்! மூன்று ராஜா கையில் இருக்கும்போது தோன்றும் கம்பீரம் அந்த நான்கு கை வித்தியாசத்தை மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன். மற்ற இடங்களிலெல்லாம் விதியும் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றன: 720 உள்ள சீக்வென்ஸ், 1,096 உள்ள கலரை வெல்கிறது.

படி 5: ஐந்து சீட்டுக்குப் போவோம்

சே(52, 5) = 52 × 51 × 50 × 49 × 48 ÷ 120 = 25,98,960. போக்கரின் மொத்தக் கைகள் இவ்வளவு. எண் பெரிதானாலும் கேள்விகள் மாறவில்லை.

ஸ்ட்ரெயிட்: அடுத்தடுத்த ஐந்து மதிப்புகள் 10 (ஏஸ்-2-3-4-5 முதல் 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் வரை). வகைகள் 4-ஐ ஐந்து முறை பெருக்கினால் 1,024. மொத்தம் 10,240. ஃப்ளஷ்: 4 × சே(13, 5) = 4 × 1,287 = 5,148. இரண்டுக்கும் பொதுவான 10 × 4 = 40 கைகளை இரண்டிலிருந்தும் எடுத்துவிட்டால் ஸ்ட்ரெயிட் 10,200, ஃப்ளஷ் 5,108.

வரிசை திரும்பிவிட்டது. எப்படி? மூன்று சீட்டிலிருந்து ஐந்துக்குப் போகும்போது அடுத்தடுத்த மதிப்புகள் 12-இலிருந்து 10 ஆகக் கொஞ்சம் குறைகின்றன, ஆனால் வகைகள் 64-இலிருந்து 1,024 ஆகின்றன, பதினாறு மடங்கு. ஃப்ளஷுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வகை ஒன்றேதான், 286 என்பது 1,287 ஆகிறது, நாலரை மடங்குதான். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இந்த இரண்டு பெருக்கங்களுக்குள் இருக்கிறது.

படி 6: எல்லோரும் விழும் பள்ளம்

ஃபுல் ஹவுஸ் என்றால் ஒரு மதிப்பில் மூன்று, இன்னொன்றில் இரண்டு. 13 × 4 × 12 × 6 = 3,744. மேலே ஜோடிக்கு வந்த அதே எண்! தற்செயல் இல்லை. நான்கில் மூன்றை எடுப்பதும் நான்கில் ஒன்றை விட்டுவைப்பதும் ஒன்றே என்பதால் அங்கே இருந்த 6, 4 இங்கே இடம் மாறி நிற்கின்றன.

அடுத்து இரட்டை ஜோடி. அதே பழக்கத்தில் எழுதுவோம்: முதல் ஜோடி 13 × 6, இரண்டாம் ஜோடி 12 × 6, மிச்சச் சீட்டுக்கு வேறு மதிப்பு 11, வகை 4, ஆக 44. பெருக்கினால் 2,47,104. இது தவறு. ஏன் என்று கட்டிலிருந்தே பாருங்கள். இரண்டு ராஜா, இரண்டு 7, ஒரு 3 எடுத்து வையுங்கள். 'முதலில் ராஜா ஜோடி, பிறகு 7 ஜோடி' என்று ஒரு முறையும், 'முதலில் 7, பிறகு ராஜா' என்று இன்னொரு முறையும் இதே கையை எண்ணிவிட்டோம். 2-ஆல் வகுத்தால் சரியான விடை: 1,23,552.

அப்படியானால் ஃபுல் ஹவுஸில் ஏன் வகுக்கவில்லை? அங்கே இரண்டு மதிப்புக்கும் வேலை வேறு. மூன்று ராஜா, இரண்டு 7 என்பதும் மூன்று 7, இரண்டு ராஜா என்பதும் இரண்டு தனிக் கைகள். இரட்டை ஜோடியில் இரண்டுக்கும் ஒரே வேலை. இடம் மாற்றினாலும் கை மாறாது. ஆகவே வேலை ஒன்றாக இருந்தால் 13 × 12 என்று எழுதாமல் சே(13, 2) = 78 என்று எழுதுங்கள். 78 × 6 × 6 × 44, அதே 1,23,552. இதைப் புரிந்துகொள்ள எத்தனை நேரம் ஆனாலும் பரவாயில்லை, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

படி 7: 'குறைந்தது ஒன்று' வந்தால் கழியுங்கள்

மூன்று சீட்டில் குறைந்தது ஒரு ஏஸ் இருக்கும் கைகள் எத்தனை? ஒரு ஏஸ் எடுக்க 4 வழி, மிச்சம் 51-இல் இரண்டு எடுக்க 1,275 வழி, ஆக 5,100 என்று தோன்றும். இதுவும் அதே பள்ளம்தான். இரண்டு ஏஸ் உள்ள கை இரண்டு முறையும் மூன்று ஏஸ் உள்ள கை மூன்று முறையும் எண்ணப்படுகிறது.

ஏஸே இல்லாத கைகளை எண்ணுவது எளிது: சே(48, 3) = 17,296. மொத்தத்தில் கழித்தால் 22,100 − 17,296 = 4,804. முன்னதற்கும் இதற்கும் 296 வித்தியாசம். இரண்டு ஏஸ் கைகள் 6 × 48 = 288, ஒவ்வொன்றும் ஒரு முறை கூடுதல்; மூன்று ஏஸ் கைகள் 4, ஒவ்வொன்றும் இரண்டு முறை கூடுதல், அது 8. இரண்டும் சேர்ந்து அந்த 296.

ஒரே கட்டில் 13 சீட்டு பிரித்தால் எத்தனை கை என்று கேட்பவர்களுக்கு: சே(52, 13) = 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. முறை அதேதான், பெருக்கத்தான் கை வலிக்கும்.

இப்போது உங்கள் முறை. போக்கரில் ஒரே மதிப்பில் மூன்று சீட்டு, மிச்சம் இரண்டும் வேறு வேறு மதிப்பு. இந்தக் கைகள் எத்தனை? விடை 54,912. உங்களுக்கு 1,09,824 வந்திருந்தால், மூன்று ராஜாவோடு ஒரு 7, ஒரு 3 எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டு படி 6-ஐ இன்னொரு முறை படியுங்கள்.