வீட்டில் எனிமா எடுப்பது எப்படி: முதன்முறை செய்பவர்களுக்கான விளக்கம்

எனிமா என்பது மலவாயில் வழியாகத் திரவத்தைச் செலுத்தி, மலக்குடலில் இறுகித் தங்கிய மலத்தை இளக்கி வெளியேற்றும் முறையாகும். வீட்டில் செலுத்தும் திரவம் மலக்குடலையும் பெருங்குடலின் இடப்பக்கக் கீழ்ப்பகுதியையும் மட்டுமே சென்றடையும். இரைப்பைக்கோ சிறுகுடலுக்கோ அது போவதில்லை. ஆகவே நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், உண்டபின் வயிறு ஊதுதல் முதலிய செமிபாட்டுக் குறைகளுக்கு எனிமாவால் பயன் எதுவுமில்லை. பேதிக்கு எடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்னும் முற்றாக மறையாததால், எனிமாவையும் அதே கணக்கில் மாதந்தோறும் செய்யவேண்டிய ‘குடற்கழுவல்’ என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். நலமாக உள்ள குடலுக்கு அப்படியொரு கழுவல் தேவையில்லை. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில், மலவாயில் வழியாக மருந்துத் திரவத்தைச் செலுத்தும் ‘பீச்சு’ம் ஒன்றுதான். ஆயினும் அது வைத்தியர் ஆளைப் பார்த்து, மருந்தைத் தீர்மானித்துச் செய்வது. அதை நாடுபவர்கள் கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குச் செல்வதே முறை.

முதலில் உங்களுக்கு இது ஏற்றதா என்று பாருங்கள்

காரணம் தெரியாத வயிற்றுவலி, காய்ச்சல், வாந்தி, மலத்துடன் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் எனிமாவைத் தொடவே வேண்டாம். குடல்வால் அழற்சியோ குடலடைப்போ இருக்கும் வயிற்றில் எனிமா செலுத்துவது உயிராபத்தாக முடியலாம். வாயுவும் பிரியாமல், வயிறு வீங்கி, வாந்தியும் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிறுநீரக நோய், இருதய நோய், குடல் அழற்சி நோய் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றிலோ மலவாயிலிலோ சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள் ஆகியோர் வைத்தியரைக் கேட்காமல் செய்யக்கூடாது. குழந்தைகளுக்கு வீட்டில் நீங்களாகச் செய்யவே வேண்டாம்.

மேற்கூறியவை எதுவும் இல்லாவிட்டாலும், எனிமாவுக்கு முன் கிளிசரின் குளிகையொன்றை மலவாயிலில் வைத்துப் பார்க்குமாறு சொல்வேன். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் அது வேலை செய்துவிடும். அதன்பின் இந்த விளக்கத்தின் மீதிப்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

எந்தத் திரவம்

பாமசியில் கிடைக்கும் பொஸ்பேற் எனிமாப் போத்தல் பயன்படுத்த எளிது, ஆனால் மருந்தின் வலிமை கூடியது. 24 மணித்தியாலத்துக்குள் ஒன்றுக்கு மேல் பயன்படுத்தினால் இரத்தத்திலுள்ள உப்புக்களின் சமநிலை குலைந்து சிறுநீரகமும் இருதயமும் பாதிக்கப்படலாம். இதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2014 இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. முதற்போத்தல் பலன் தராவிட்டால் இரண்டாவதை வாங்கப் போகாமல் வைத்தியரிடம் போங்கள்.

எனிமாப் பை (குழாயும் அதை மூடித் திறக்கும் பிடியும் உள்ள பை) வைத்திருப்பவர்கள் உப்புநீரைப் பயன்படுத்தலாம். கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு என்பது அளவு. அரை லீற்றருக்குத் தேக்கரண்டியில் ஏறத்தாழ முக்காற்பங்கு வரும். கை அளவை நம்ப மனமில்லையென்றால் 500 மில்லிலீற்றர் சேலைன் போத்தலை வாங்கிப் பையில் ஊற்றுவது இன்னும் நல்லது. வெறும் நீரை அதிகமாகச் செலுத்தினால் குடல் அதை உறிஞ்சி இரத்தத்தின் சோடியத்தைக் குறைத்துவிடும் என்பதால், கிணற்றிலிருந்து அள்ளிய நீரை அப்படியே ஊற்றாதீர்கள். சவர்க்கார நீர், எலுமிச்சம்புளி, கோப்பி என்று இணையத்தில் பரவும் செய்முறைகள் குடற்சுவரை அரித்துப் புண்ணாக்கக் கூடியவை; எவர் சொன்னாலும் வேண்டாம்.

செய்யும் விதம்

இடத்தைத் தெரிவுசெய்வதுதான் பலர் யோசிக்காத விடயம். மலகூடம் வளவின் பின்புறத்தில் இருக்கும் பழைய வீடுகளில், படுத்த இடத்திலிருந்து அங்கு ஓடிச் சேர்வதற்குள் அடக்கமுடியாமல் போய்விடும். ஆகவே மலகூடத்துக்கு அருகிலேயே பாயை விரித்து, அதன்மேல் றப்பர் சீற்றும் பழைய துவாயும் போட்டுக்கொள்ளுங்கள். நடக்கச் சிரமப்படுபவருக்குக் கொமட் கதிரையைப் பக்கத்தில் வைக்கவேண்டும். வீட்டில் வேறொருவர் கூப்பிடு தூரத்தில் இருப்பது அவசியம், ஏனெனில் சிலருக்குத் தலைச்சுற்று வரும்.

கைகளைக் கழுவியபின் திரவத்தை உடற்சூட்டுக்குக் கொண்டுவந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சூடாகவோ குளிராகவோ தெரியக்கூடாது. பையை நிரப்பி, குழாயிலுள்ள காற்று வெளியேறும்வரை சிறிதளவு திரவத்தை ஓடவிட்டுப் பிடியைப் பூட்டுங்கள். குழாய் நுனியில் நீரில் கரையும் ஜெலியைத் தாராளமாகப் பூசவேண்டும்.

இடப்பக்கமாகச் சரிந்து படுத்து, வலது முழங்காலை நெஞ்சை நோக்கி மடியுங்கள். பெருங்குடலின் கடைசிப்பகுதி இடப்பக்கம் இருப்பதால் இந்த நிலையில் திரவம் தானாகவே உள்ளே இறங்கும். மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி, நுனியைத் தொப்புளை நோக்கிய திசையில் 7 முதல் 10 சென்ரிமீற்றர் வரை மட்டும் செலுத்துங்கள். தடை தென்பட்டாலோ வலித்தாலோ அழுத்தாமல் வெளியே எடுத்துவிடவேண்டும். வீட்டு எனிமாவில் நடக்கும் பாரதூரமான விபத்து குடற்சுவர் துளைபடுவதே, அது அநேகமாக இப்படி வற்புறுத்துவதால்தான் நேர்கிறது.

பையை மலவாயிலிலிருந்து 30 முதல் 45 சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்துப் பிடியைத் திறவுங்கள். உயரம் கூடினால் அழுத்தமும் கூடும் என்பதால் சுவர் ஆணியில் தொங்கவிடாதீர்கள். வயிறு முறுக்கினால் பிடியைப் பூட்டி, சில மூச்சு விட்டபின் தொடருங்கள்; போதும் என்று வயிறு சொன்னால் அரை லீற்றரும் முடியவேண்டிய கட்டாயமில்லை. குழாயை எடுத்தபின் 5 முதல் 10 நிமிடம் அப்படியே படுத்திருங்கள். பொஸ்பேற் போத்தலானால் மெதுவாக அமுக்கிச் செலுத்தி, 2 முதல் 5 நிமிடம் போதும். உந்துதல் வந்தவுடன் எழுந்து போங்கள், முக்கவேண்டாம். அதன்பின் ஒன்றிரண்டு கோப்பை நீர் குடியுங்கள்.

செலுத்திய திரவம் அரை மணித்தியாலம் கழிந்தும் திரும்பி வராவிட்டால் வைத்தியரை நாடுங்கள். கடும் வயிற்றுவலி, இரத்தம், மயக்கம் என்றால் தாமதிக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எனிமா அடிக்கடி தேவைப்பட்டால்

கிழமைக்கு மூன்று முறைக்கும் குறைவாக மலம் போவதும், மலம் இறுகிப்போவதும் தொடர்ந்தால் எனிமா அதற்குத் தீர்வு அல்ல. காலைச் சாப்பாட்டுக்குப் பின் குடல் தானாக அசையும் நேரத்தில் அவசரப்படாமல் மலகூடத்தில் இருப்பதும், கொமட் பாவிப்பவர்கள் காலின் கீழ் சிறு பலகை வைத்துக் குந்தும் நிலைக்குக் கிட்ட வருவதும் பலருக்கு உதவும். பாணும் கோதுமை மாப் புட்டுமாக இருக்கும் சாப்பாட்டில் குரக்கன் புட்டு, முருங்கை இலை வறை, பப்பாப்பழம், தைப்பொங்கலை ஒட்டி வரும் பனங்கிழங்கு ஆகியவற்றைச் சேர்த்தால் நார்ச்சத்து கூடும். அதற்கேற்ப நீரும் குடிக்காவிட்டால் நாரே மலத்தை இறுக்கும்.

ஐம்பது வயதைக் கடந்தபின் மலப்பழக்கம் புதிதாக மாறினாலோ, காரணமின்றி மெலிந்தாலோ பெருங்குடலைப் பரிசோதிப்பது கட்டாயம். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும் கொடேன் சேர்ந்த வலிநிவாரணிகளும் மலச்சிக்கலை உண்டாக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், அடுத்த தவணைக்குப் போகும்போது கிளினிக் கொப்பியுடன் எல்லா மருந்துகளையும் எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள்.