டைனமிக் வேரியபிளும் இரண்டு த்ரெட்களும்: என் அனுபவம்

நான் எழுதிய சின்ன லிஸ்ப் மொழி இன்டர்பிரட்டரில் டைனமிக் வேரியபிளுக்கு (ஒரு பிளாக் ஓடும்வரை மட்டும் தற்காலிகமாகப் புது மதிப்பு பெறும் மாறி; அப்படி மதிப்பு கொடுப்பதுதான் பைண்டிங்) எளிய வழியைத்தான் பிடித்தேன்: பழைய மதிப்பை ஸ்டாக்கில் எடுத்து வைத்து, குளோபலில் புதியதை எழுதி, பிளாக் முடிந்ததும் பழையதைத் திரும்பப் போடுவது. த்ரெட் (ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி ஓட்டம்) சேர்த்த பிறகு எண்கள் திடீரென ஹெக்ஸில் (16 அடிமானத்தில்) அச்சாக ஆரம்பித்தன.

நடந்தது இதுதான். எண்களை அச்சிடும் அடிமானம் ஒரு டைனமிக் வேரியபிள், அதன் குளோபல் மதிப்பு 10. முதல் த்ரெட் 10-ஐ எடுத்து வைத்துவிட்டு 16 எழுதுகிறது, இரண்டாவது அந்த 16-ஐ எடுத்து வைத்துவிட்டு 2 எழுதுகிறது, முதலாவது முடிந்து 10-ஐப் போட, கடைசியில் இரண்டாவது வந்து 16-ஐப் போட்டுவிட்டுப் போகிறது. அப்புறம் எல்லாருக்கும் 16தான்!

மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) போட்டுப் பார்த்தேன், வீண்வேலை. பைண்டிங் பிளாக் முழுக்க நீடிக்கிறது. அவ்வளவு நேரம் பூட்டி வைத்தால் த்ரெட் எதற்கு?

கடைசியில் எஸ்பிசிஎல் (காமன் லிஸ்ப் மொழியின் ஒரு கம்பைலர்) செய்வதைப் போலவே செய்தேன். ஒவ்வொரு சிம்பலுக்கும் (வேரியபிளின் பெயருக்கு) ஒரு இன்டெக்ஸ், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி டேபிள். டேபிளில் அந்த இன்டெக்ஸ் இடத்தில் 'பைண்டிங் இல்லை' என்ற அடையாளம் இருந்தால் மட்டும் குளோபலைப் படிக்கும். அடையாளத்துக்கு நில்லை (லிஸ்பின் வெற்று மதிப்பு) பயன்படுத்தாதீர்கள், நில்லையே யாராவது பைண்ட் செய்வார்கள் (நான் செய்தேன்).

எக்ஸெப்ஷனில் வெளியேறினாலும் பழைய மதிப்பு திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் த்ரெட் பூலில் (ஒரே த்ரெட்களை வேலைக்கு வேலை மறுபடி பயன்படுத்தும் தொகுப்பில்) அடுத்த வேலைக்கு முந்தைய வேலையின் எச்சம் ஒட்டிக்கொள்ளும். புது த்ரெட்டுக்கு பைண்டிங்கைக் கடத்துவதில்லை என்று முடிவு செய்தேன். க்ளோஜர் என்ற லிஸ்ப் வகை மொழியின் ஃபியூச்சர் (வேலையை வேறு த்ரெட்டில் ஓட்டும் வசதி) கடத்தும், எனக்கு வெறும் டேபிளே போதும்.