இமையில் கட்டியா? ஸ்கேன் எடுக்கும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

இமை ஓரத்தில் கடுகளவு கட்டி, வலியே இல்லை. கண்கட்டி என்று நினைத்து ஒத்தடம் கொடுக்கிறோம், கொஞ்சம் அமுங்குகிறது, இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி எட்டிப் பார்க்கிறது. முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவது, அந்த இடத்தில் மட்டும் இமைமுடி உதிர்வது, பொருக்குத் தட்டி ஆறாமல் ரத்தம் கசிவது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள், அது இமைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

சரி, டாக்டரிடம் போயாகிவிட்டது. தோலை வெட்டாமலே உள்ளே பார்க்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. இமையில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் விலைமதிப்பற்றது என்பதால் இது பெரிய வரம்தான். ஆனால் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்புவதுதான் எனக்கு அதிகம் பயமூட்டும் தவறு.

ஏன் என்றால், ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆழம் உண்டு. லேசர் ஒளியால் தோலுக்குள் பார்க்கும் கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் செல்களையே காட்டிவிடும், ஆனால் எட்டுவது சுமார் 200 முதல் 250 மைக்ரான் வரைதான், அதாவது கால் மில்லிமீட்டர். ஒளியைக் கொண்டு தோலின் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் ஓசிடி (OCT) ஸ்கேன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை போகும், ஆனால் செல் செல்லாகத் தெரியாது. இமையில் அதிகம் வரும் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் பெரும்பாலும் மேலாகத் தொடங்குவதால் மாட்டிக்கொள்ளும். செபேசியஸ் கார்சினோமா என்ற இன்னொரு புற்றுநோய் அப்படியில்லை, அது இமைக்குள் புதைந்திருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளில் கிளம்பி, கண்கட்டி போலவோ தீராத இமை அழற்சி போலவோ வேஷம் போடும். மேலே இருந்து பார்த்தால் தோல் சுத்தமாகவே தெரியலாம். அதனால் இமையைத் திருப்பி உட்புறத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். மூக்கை ஒட்டிய கண் மூலையில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அங்கே கட்டி ஆழமாக இறங்கக்கூடும், அப்போது சிடி அல்லது எம்ஆர்ஐ தேவைப்படலாம்.

அப்புறம் படம் எடுக்கும் விதம். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குள்ள லென்ஸான டெர்மோஸ்கோப்பைத் தோலில் அழுத்தி வைத்தால் ரத்தம் விலகி மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளிறிப்போகும். பேசல் செல் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மரக்கிளை போன்ற குழாய்களே அவைதான், அழுத்திய கையே தடயத்தை அழித்துவிடுகிறது. லேசாகத் தொட்டால் போதும். கண்ணுக்குப் பக்கத்தில் ஆல்கஹால் தடவக் கூடாது, கண்ணுக்கு ஏற்ற ஜெல் போதும். நீங்களும் மை, ஐலைனர், க்ரீம் எல்லாவற்றையும் முந்தைய நாளே நன்றாகக் கழுவிவிடுங்கள், நிறமித் துகள் ஒட்டியிருந்தால் படம் குழப்பும். கட்டியின் நடுவை மட்டும் எடுத்துவிட்டு ஓரத்தை விடுவதும் தவறு. சில வகைகள் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி வேர் போலப் பரவியிருக்கும்.

பயாப்ஸியை, அதாவது கட்டியில் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பதைத் தவிர்க்கத்தான் ஸ்கேன் என்று நினைக்காதீர்கள். எங்கே துணுக்கு எடுக்கலாம், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று வழிகாட்டத்தான் அது, உறுதி சொல்வது பயாப்ஸிதான். கண்கட்டி என்று சுரண்டி எடுத்தாலும், குறிப்பாகத் திரும்ப வந்த கட்டி என்றால், எடுத்ததைக் குப்பையில் போடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் புற்றுநோய் என்று சந்தேகம் என்பதையும் பரிசோதனைச் சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.