பழைய கல்லறைத்தோட்டத்து பதிவேடு: ரெயூனியன்ல நம்ம ஆளுங்க தவிர்க்க வேண்டிய தப்புங்க

1800கள்ல வாங்குன குடும்பக் கல்லறை இங்க, இந்தப் பிரெஞ்சுத் தீவுல, நம்ம தமிழ் ஆளுங்க பல பேருக்கு இருக்கு. அந்தப் பழைய பதிவேட்ட கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலைக்கு மெரியிலயோ (நகராட்சி ஆபீஸ்) கோயில் சங்கத்துலயோ உக்காருறவங்களுக்குத்தான் இத எழுதறேன், ஏன்னா அங்க ஒரு வரி தப்பா விழுந்தா பின்னாடி ஒரு குடும்பமே அலையணும்.

முக்கியமான தப்பு, கொன்செசியோன் தாள, அதாவது கல்லறை இடத்துக்குக் கொடுத்த உரிமைப் பத்திரத்த, வீட்டுப் பத்திரம் மாதிரி நினைக்கிறது. நிலம் கொம்யூனோடது (நகராட்சியோடது), நமக்கு இருக்கிறது அடக்கம் பண்ற உரிமை மட்டும்தான், "நிரந்தரம்"னு போட்டிருந்தாலும் அப்படித்தான், வேற ஆளுக்கு விக்க முடியாது. வாங்குனவரு உயில் எழுதாம போயிட்டா அந்த உரிமை எல்லா வாரிசுக்கும் கூட்டா போகுது. ஆனா நம்ம வீடுகள்ல என்ன நடக்குது, கொள்ளி வச்ச மூத்தவன் தாள எடுத்துட்டுப் போய் என் பேருக்கு மாத்துங்கன்னு கேப்பான், ஆபீஸ்ல இருக்கறவங்களும் பழைய பேர அழிச்சிட்டு அவன் பேர போட்டுடுவாங்க, அப்புறம் புருஷன் செத்து, புதைக்க இடம் கேட்டு தங்கச்சி வந்து நிக்கும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும். தயவு செஞ்சு முதல் பேர அழிக்காதீங்க. மாத்தம் எதுவானாலும் கீழ தனி வரியா, தேதியோட, என்ன ஆதாரம் பாத்தோம்னு எழுதுங்க.

அதே முதல் பத்திரத்துல தனி ஆளுக்கா, பேர் சொன்ன சில பேருக்கு மட்டுமா, குடும்பத்துக்கான்னு ஒரு வார்த்தை இருக்கும். காப்பி பண்றவங்க அத விட்டுடறாங்க. உள்ள யார வைக்கலாம் யார வைக்கக் கூடாதுங்கறதே அத வச்சுத்தான்.

இன்னொண்ணு, சிலுவையோ கல்லோ நிக்குதுன்னாலே இடம் நம்மளதுன்னு எழுதிடறது. பொதுநிலத்துல இலவசமா புதைச்சா சட்டம் குறைஞ்சது 5 வருஷம்தான் விடும், கூலியா வந்த நம்ம முன்னோர் நிறைய பேருக்கு கிடைச்சது அந்த மாதிரி இடம்தான். பத்திரம் இல்லேன்னா "பத்திரம் கிடைக்கல"ன்னு எழுதுங்க, ஊகிச்சு எழுதாதீங்க.

பேரு விஷயத்துல ரொம்பக் கவனம் வேணும். ராமசாமிங்கற ஒரே ஆளு ஒரு ஏட்டுல ஒரு "எஸ்", இன்னொண்ணுல ரெண்டு, கடைசி எழுத்து ஒரு இடத்துல "ஒய்", இன்னொரு இடத்துல "ஐ"ன்னு இருப்பாரு, அப்பா பேரு மகனுக்கு குடும்பப் பேரா மாறியிருக்கும், ஞானஸ்நானம் வாங்கியிருந்தா பிரெஞ்சு பேரு வேற. இதையெல்லாம் "சரி" பண்ணி ஒரே ஸ்பெல்லிங்கா ஆக்கிடாதீங்க, இருக்கிறபடியே ஏத்திட்டு, கூட மாத்ரிகூல் நம்பர் (கூலியா வந்தவங்களுக்குக் கொடுத்த பதிவு எண்) கிடைச்சா சேருங்க, ஆள அடையாளம் காண பேரை விட அது நம்பகமானது. மெரி ஏட்ட கரையான் தின்னுருந்தா கவலைப்படாதீங்க, காலனி பிறப்பு இறப்புப் பதிவுக்கு ஒரு காப்பி பிரான்ஸுக்கு அனுப்பணும்னு 1776லயே உத்தரவு இருந்துச்சு, அது இப்ப அங்க ஏக்ஸ் ஆன் ப்ரொவான்ஸ் ஊர் ஆவணக்காப்பகத்துல இருக்கு, 19ஆம் நூற்றாண்டு ஏடுங்கள இணையத்துலயே பாக்கலாம்.

வரைபடத்த மட்டும் நம்பி வேலை செய்யாதீங்க. இங்க புயலடிச்சா கல்லு நகரும், பேர்ப்பலகை பக்கத்துக் குழிக்குப் போயிடும். 2007ல காமேத் புயல்ல சேன்ட் போல் ஊர் கடலோரக் கல்லறைப் பக்கம் அலை அரிச்சு எலும்பே வெளிய வந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது நடந்து போய், வரிசை நம்பரோட ஃபோட்டோ எடுத்து ஒப்பிடணும்.

"நிரந்தரம்னா யாரும் தொட மாட்டாங்க"ன்னு சும்மா இருக்கிறதும் தப்புதான். 30 வருஷம் தாண்டி, கடைசி 10 வருஷத்துல யாரையும் அடக்கம் பண்ணாம, கல்லறை இடிஞ்சு கிடந்தா கொம்யூன் திரும்ப எடுக்கற நடவடிக்கைய ஆரம்பிக்கலாம். அறிவிப்பு ஒட்டினதுக்கப்புறம் முன்னாடி 3 வருஷம் டைம் இருந்துச்சு, 2022 சட்டத்துக்கப்புறம் 1 வருஷம்தான். 30, 50 வருஷக் கணக்குல வாங்குனதுன்னா முடிஞ்ச பிறகு புதுப்பிக்க 2 வருஷம் இருக்கு, ஆனா கடிதம் செத்துப்போன தாத்தா விலாசத்துக்கே போயிட்டிருந்தா யாருக்குத் தெரியும்? நவம்பர் 1க்கு எல்லாரும் பூவோட கழுவ சுத்தம் பண்ண வருவாங்கல்ல, அன்னைக்கு ஒரு மேசை போட்டு வாரிசுங்க ஃபோன், விலாசம் வாங்கிடுங்க.

புதைச்ச உடலத் தோண்டி எடுக்க மனு கொடுக்க வேண்டியது இறந்தவரோட நெருங்கிய சொந்தக்காரர், அனுமதி தர்றது மேயர். தாள் வச்சிருக்கறவர் கையெழுத்து போட்டுட்டாருங்கறது போதாது, சொந்தத்துக்குள்ள தகராறுன்னா கோர்ட்தான் சொல்லணும்.

இடத்த கொம்யூன் எடுத்துக்கிட்டாலும் பதிவ டெலீட் பண்ணிடாதீங்க. எடுத்த எலும்பு பொது எலும்பறைக்குப் போகும், ஒண்ணுமே கிடைக்கலேன்னாலும் அங்க இருந்தவங்க பேர பொதுமக்கள் பாக்கிற மாதிரி ஒரு ஏட்டுல எழுதணும்னு சட்டம் சொல்லுது. பழைய வரிசை நம்பரையும் அந்த பேருக்குப் பக்கத்துலயே போட்டு வையுங்க.