ஏசில தண்ணி ஒழுகுதா? டிரெயின் பைப் அடைக்காம பாத்துக்குறது எப்படி

மூணு தடவ டிரெயின் பைப்ப சுத்தம் பண்ணேன். மூணு தடவயும் கொஞ்ச நாள்லயே இன்டோர் யூனிட் ஓரத்துலேர்ந்து திரும்ப சொட்ட ஆரம்பிச்சிருச்சு. நாலாவது தடவதான் புரிஞ்சுது, எனக்கு இருந்தது ரெண்டு பிரச்ன, அடைப்பு அதுல ஒண்ணு, இன்னொன்னு பைப் போன வழி. வந்து பாத்த மெக்கானிக்கும் அத சொல்லல, ஊதி விட்டுட்டு போயிட்டார். இது சுவத்துல மாட்டுற ஸ்பிளிட் ஏசிக்காக எழுதுறது, விண்டோ ஏசி வச்சிருக்கவங்களுக்கு கடைசில கொஞ்சம் இருக்கு.

உள்ள இருக்குற காயில் ஜில்லுனு ஆகும்போது ரூம் காத்துல இருக்குற ஈரம் அதுமேல பட்டு வேர்த்து கீழ ட்ரேல விழும், ட்ரேலேர்ந்து ஹோஸ் (அதான் டிரெயின் பைப்) வழியா வெளிய போகும். பெரும்பாலான ஸ்பிளிட் ஏசில இதுக்குனு பம்ப் எதுவும் இல்ல, சரிவுல தானா இறங்கணும், அவ்ளோதான். புழுக்கமான நாள்ல மணிக்கு ஒரு லிட்டர்கூட வரும். ஃபில்டர்ல தப்பிச்ச தூசி இந்த ஈரத்துல சேந்து கொழகொழனு ஒரு சமாச்சாரமா மாறுது. எல்லாரும் அத பாசினு சொல்றாங்க, ஆனா வெளிச்சமே படாத எடத்துல பாசி எங்கேர்ந்து வளரும், அது பாக்டீரியாவும் பூஞ்சையும் சேந்து கட்டுற வழவழப்பான படலம். ஹோஸ் உள்பக்கம் வரிவரியா இருந்தா அது உக்கார இன்னும் வசதி.

பைப்ப தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடுங்க. முன்பக்க பேனல தூக்கி ஃபில்டர கழட்டினா காயில் தெரியும், அதுல வெள்ளையா ஐஸ் படிஞ்சிருக்கா? இருந்தா பிரச்ன பைப்புல இல்ல. ஃபில்டர் அடைச்சு காத்து போகாம இருக்கலாம், கேஸ் கம்மியா இருக்கலாம், ஐஸ் உருகும்போது மொத்தமா வர்ற தண்ணிய ட்ரே தாங்காது, அதான் ஒழுகுது. ஃபில்டர கழுவியும் ஐஸ் வந்தா மெக்கானிக்க கூப்பிடுங்க, அது நம்ம வேலை இல்ல. அதே மாதிரி காத்து வறண்டு இருக்குற நாள்ல வெளிய தண்ணியே வரலேன்னா பயப்படாதீங்க, வேர்க்க ஈரம் இல்லனா என்ன வரும்.

ஸ்டெப் 1. ரிமோட்ல ஆஃப் பண்ணா பத்தாது, ஏசிக்கு போற எம்சிபிய (போர்டுல அந்த லைனோட கரண்ட மொத்தமா நிறுத்துற சுவிட்ச) இறக்குங்க. ஃபில்டர கழுவி காய வைங்க. (ஏசி தினமும் ஓடுற மாசங்கள்ல ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ கழுவுனாலே பைப்புக்கு போற அழுக்கு பெருமளவு கொறஞ்சிடும்.)

ஸ்டெப் 2. வெளிய ஹோஸ் முடியிற எடத்த தேடுங்க. நுனில மண்ணு, காஞ்ச இல, குளவிக் கூடு ஏதாவது இருக்கானு பாருங்க. பல பேருக்கு பிரச்ன இங்கயே முடிஞ்சிடும். பூச்சி நுழையாம இருக்க வலை கட்டுறவங்க கொஞ்சம் பெரிய ஓட்டை உள்ள வலையா கட்டுங்க. நான் கொசு வலைத் துண்டு கட்டினேன், அந்தக் கொழகொழப்பு அதுலயே வந்து அப்பி புதுசா ஒரு அடைப்பு.

ஸ்டெப் 3. உறிஞ்சுறது. ஊதுறது இல்ல, உறிஞ்சுறது. வெளிய இருந்து ஊதினா அழுக்கு திரும்ப ட்ரேக்கு போகுது, நாலு நாள்ல மறுபடி இறங்கி அதே எடத்துல உக்காருது. அதிக பிரஷர்ல ஊதினா சுவத்துக்குள்ள இருக்குற ஹோஸ் ஜாயின்ட் கழண்டுக்கவும் வாய்ப்பிருக்கு, அப்புறம் தண்ணி சுவத்துக்குள்ள இறங்கும். தண்ணியும் இழுக்குற வெட் அண்ட் டிரை வேக்குவம் க்ளீனர் இருந்தா அதோட குழாய ஹோஸ் நுனில வச்சு, சுத்தி இடைவெளி இல்லாம ஈரத்துணிய இறுக்கிச் சுத்திப் பிடிச்சு, ரெண்டு மூணு நிமிஷம் ஓட விடுங்க. மொதல்ல ஒண்ணும் வராது, அப்புறம் கடகடனு சத்தம், அப்புறம் பழுப்பா ஒண்ணு வரும், பாத்தா அன்னைக்கு சாப்பிட மாட்டீங்க. வீடு பெருக்குற சாதாரண வேக்குவம வச்சு இத செய்யவே கூடாது, தண்ணி மோட்டருக்குள்ள போனா மெஷினும் போகும், ஷாக்கும் அடிக்கும்.

வெட் வேக்குவம் இல்லாதவங்க ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச ஹோஸ் நுனில டியூப் போட்டு மாட்டி இழுக்கலாம், பொறுமை வேணும், லேசான அடைப்புக்குதான் சரிப்படும். கம்பி விட்டு குத்துறத மட்டும் நான் சொல்லவே மாட்டேன். வரிவரியான ஹோஸ்ல கம்பி ஒவ்வொரு வரியிலயும் மாட்டும், கொஞ்சம் அழுத்தினா ஹோஸ் ஓட்டை.

ஸ்டெப் 4. டெஸ்ட் பண்றது. நான் விழுந்தது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். ஸ்குவீஸ் பாட்டில்ல தண்ணி எடுத்து, ஃபில்டர் இல்லாத காயிலோட முகத்துல மெதுவா விடுங்க, வழிஞ்சு ட்ரேக்கு போகும். எலக்ட்ரிக் பாக்ஸ் பெரும்பாலும் வலது பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் ஒரு சொட்டுகூட படக்கூடாது. நான் என்ன பண்ணேன், ஒரு மக் தண்ணிய மடமடனு விட்டேன், வெளிய ஜோரா கொட்டுச்சு, ஆஹா முடிஞ்சுதுனு எல்லாத்தையும் மாட்டிட்டேன். ராத்திரி ஏசி போட்டா திரும்ப ஒழுகல்.

என்ன நடந்துச்சுன்னா, வெளிய என் ஹோஸ் ஒரு எடத்துல தொட்டில் மாதிரி தொங்கிட்டிருந்துச்சு, அந்தத் தொங்கல்ல எப்பவும் தண்ணி நிக்கும். அதுக்கும் மேல, வர்ற தண்ணிய வீணாக்க வேணாம்னு ஹோஸ் நுனிய ஒரு பக்கெட்டுல விட்டு வச்சிருந்தேன், பக்கெட் நெறைய நெறைய நுனி தண்ணிக்குள்ள முங்கிடும். இப்போ தொங்கல்ல தண்ணி, நுனில தண்ணி, நடுவுல இருக்குற காத்துக்கு போக வழியே இல்ல. ஒரு மக் மொத்தமா ஊத்தினா அந்த வேகத்துல காத்த தள்ளிட்டு போயிடும், ஆனா ஏசி ஓடும்போது சொட்டு சொட்டா வர்ற தண்ணிக்கு அந்தத் தெம்பு கிடையாது. அது ட்ரேலயே ஏறி ஏறி கடைசில நம்ம கட்டில் மேல. தொங்கல்ல நிக்கிற தண்ணில அழுக்கு படியிறதும் வேகமா நடக்கும், அதனாலதான் எனக்கு சுத்தம் பண்ண பண்ண அடைச்சுட்டே இருந்துச்சு.

அதனால டெஸ்ட் பண்ணும்போது மெதுவா, ஒரு டம்ளர் தண்ணிய நாலஞ்சு நிமிஷத்துக்கு இழுத்து விடுங்க. உள்ள விட்டதுக்கு கொஞ்ச நேரத்துல வெளிய சீரா சொட்டணும். நின்னு நின்னு திடீர்னு குபுக்குனு வந்தா எங்கயோ காத்து மாட்டிட்டிருக்குனு அர்த்தம்.

ஸ்டெப் 5. வழிய சரி பண்ணுங்க. யூனிட்லேர்ந்து நுனி வரைக்கும் ஹோஸ் இறங்கிட்டே இருக்கணும், ஒரு எடத்துலயும் திரும்ப ஏறக்கூடாது. படுக்கையா போற எடத்துல மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது இறக்கம் குடுங்க, நான் 2 வச்சேன். தொங்குற எடத்துல கிளாம்ப் அடிங்க. கேபிள் டை போடுறவங்க இறுக்கி நெரிச்சிடாதீங்க, ஹோஸ் சப்பையாயிடும். வெளில படுக்கையா ரொம்ப தூரம் போகணும்னா வரி ஹோஸ தூக்கிப் போட்டுட்டு உள்பக்கம் வழவழனு இருக்குற பிவிசி பைப் போடுறதுதான் என் ஓட்டு. நுனி பக்கெட் தண்ணிக்கு மேலயே நிக்கட்டும். நுனிய நேரா சாக்கடை பைப்புல சொருகாதீங்க, அந்த நாத்தம் ஹோஸ் வழியா ரூமுக்கே வந்துரும். (பக்கெட்ல சேர்ற தண்ணி செடிக்கு, தர துடைக்க ஓகே. உப்பு கம்மிதான், ஆனா காயில்ல இருந்த தூசியும் கிருமியும் அதுல இருக்கு, குடிக்கிறதுக்கு இல்ல.)

அடைக்காம இருக்க என்ன ஊத்துறது? நான் வெறும் வெதுவெதுப்பான தண்ணி ஆளு. மாசம் ஒருதடவ ஸ்டெப் 4ல சொன்ன மாதிரி ரெண்டு டம்ளர், அப்புறம் வேக்குவம். கொதிக்கிற தண்ணி வேண்டாம், பிவிசி சூட்டுல இளகிடும். வினிகர் ஊத்தச் சொல்லி நெறைய பேர் சொல்வாங்க, ஸ்பிளிட் ஏசில அத காயில் மேல படாம ட்ரேக்கு கொண்டு போறது கஷ்டம், அது அமிலம், செம்புக்கும் அலுமினியத்துக்கும் நல்லதில்ல, அதனால விட்டுட்டேன். டிரெயின் பைப்புலயே மூடி போட்ட டி ஜாயின்ட் இருக்குற டக்ட் ஏசின்னா (சீலிங்குக்கு மேல பெரிய குழாய் வழியா காத்த அனுப்புற ஏசி) அதுக்குள்ள தண்ணி கலந்த வினிகர் தாராளமா ஊத்தலாம். பிளீச் வேண்டவே வேண்டாம், அதுவும் உலோகத்த அரிக்கும், அது போக பிளீச்சும் வினிகரும் சேந்தா குளோரின் கேஸ் வரும், மூடின ரூம்ல வெளையாட்டு இல்ல. ட்ரேல போடுற மாத்திரை விக்கிறாங்களே, அது பெரிய ட்ரே இருக்குற டக்ட் ஏசிக்கு சரி, ஸ்பிளிட் ஏசி ட்ரே ரொம்ப ஒல்லி, மாத்திரையே போய் ஓட்டைய அடைக்கும்.

பின்னால சேர்த்தது: இதெல்லாம் செஞ்சும் ஒழுகுதுனு ரெண்டு பேர் சொன்னாங்க. ஒருத்தருக்கு தண்ணி முன்னாடி இல்லாம சுவத்த ஒட்டி பின்பக்கமா வழிஞ்சிருக்கு. காயிலுக்கு பின்னாடியும் ஒரு குறுகலான வாய்க்கா இருக்கும், அங்க விழுற தண்ணி முன் ட்ரேக்கு வரணும், அதுல தூசி அடைச்சா பைப்ப எவ்ளோ உறிஞ்சினாலும் பிரயோஜனம் இல்ல, யூனிட்ட கழட்டி கழுவுறவங்கதான் அத எடுக்கணும். இன்னொருத்தருக்கு வேற கதை. நெறைய மாடல்ல ட்ரேக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கும், ஒண்ணுல ஹோஸ், இன்னொன்னுல ரப்பர் மூடி. சர்வீஸ் பண்ணவர் மூடிய திரும்ப மாட்டாம போயிட்டார், அவ்ளோதான். யூனிட் ஹோஸ் இல்லாத பக்கமா சாஞ்சிருந்தாலும் இதே தான், ஒரு ஸ்பிரிட் லெவல (மட்டம் பாக்குற கருவி) மேல வச்சு பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

விண்டோ ஏசி: யூனிட் வெளிப்பக்கமா லேசா சாஞ்சிருக்கணும், ரூம் பக்கம் சாஞ்சா உள்ளதான் ஒழுகும். பல மாடல்ல பின்னாடி ஃபேனே அடித்தட்டுல நிக்கிற தண்ணிய வாரி சூடான காயில் மேல அடிக்கும், அதனால சளப் சளப்னு சத்தம் கேட்டா ரிப்பேர்னு நெனச்சு தட்டுல ஓட்டை போட்டுடாதீங்க, எங்க வீட்ல ஒருத்தர் டிரில்லோட போயிட்டார், நல்லவேளை கரண்ட் இல்ல.